சும்மா என்றால் சும்மாவா?

அவைக்கு அழகு சேர்த்து அமர்ந்திருக்கும் தலைவர் சிவப்பிரகாசம் ஐயா அவர்களே! கழனி வேலையைப் பாதியில் விட்டுப் பாகூர் வாசகர் வட்டத்துக்கு வந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்த கையோடு ஓடிவந்த தாய்மார்களே! வில்லியனூர் விஜயராணியின் வணக்கம்.

மொழிபெயர்ப்பு வளர்ந்த வரலாற்றைப் பேசச் சொன்னார்கள். சொல்லுக்குச் சொல் வை என்றது ஒரு காலம். சொல் கிடக்கட்டும், பொருளைக் கொடு என்றது அடுத்த காலம். பேசுகிறவரின் மனமும் கூடவே வரவேண்டும் என்றது அதற்கும் அடுத்த காலம். இந்த எண்ணங்கள் நாடு நாடாகப் பரவின. என்னிடம் மட்டும் தாமதமாக வந்து சேர்ந்தன! சிரிக்காதீர்கள் ஐயா, சிரிக்கிற கதை இல்லை.

பிரெஞ்சு தெரிந்த குற்றத்துக்காக முப்பது ஆண்டுகள் இருவருக்கு நடுவில் மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்திருக்கிறேன். இவர் அழுவார், அவர் அழுவார். இரண்டு அழுகையையும் என் வாய் பேசும். முடிந்ததும் போய்விடுவார்கள். "நீ எப்படி இருக்கே?" என்று நடுவில் இருந்தவளை எந்த மொழியில் யார் கேட்டார்கள்? அந்தத் தனிமை தெரிந்தும் இன்னொருத்தியை அதில் தள்ளினேன்.

ஏம்பலம் பவுனம்மாள். மகன் குழந்தைவேல் பிரான்சில் இறந்துபோனார். அங்கே தமிழறியாத மருமகள். ஞாயிறுதோறும் பவுனம்மாள் என் வீட்டுக்கு வந்து அவளுக்குப் போன் போடச் சொல்வார்.

"இன்னா சொல்லட்டும்மா?" என்பேன்.

"ஒண்ணும் இல்ல, சும்மாதான் கூப்டேன்னு சொல்லு."

நான் பிரெஞ்சில் பெயர்த்தேன்: "காரணமில்லாமல் கூப்பிட்டார்." வாராவாரம் இதே! ஒருநாள் அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அம்மா சிரமப்பட வேண்டாம். அவசியம் இருந்தால் கூப்பிடட்டும்." அதையும் அப்படியே பெயர்த்தேன்.

பவுனம்மாள் எழுந்துகொண்டார். "எனக்கு இன்னா அவசியம் கீது" என்றார். மூன்று ஆண்டுகளாக அவர் வரவில்லை.

என்ன அண்ணே? செல்போனே இப்போது பெயர்க்கிறதா? உண்மைதான். அன்று நானும் செல்போன் மாதிரிதான் பெயர்த்தேன்.

சென்ற மாதம் காய்ச்சலில் தனியே கிடந்தேன். கடலூரிலிருந்து என் அக்கா கூப்பிட்டார். "இன்னாக்கா?" என்றேன். "சும்மாதாண்டி" என்றார். போனை வைத்துவிட்டு விம்மி விம்மி அழுதேன்.

சும்மா என்றால் சும்மாவா? உன் குரலைக் கேட்கவேண்டும், என் பிள்ளை வாழ்ந்த வீட்டுச் சத்தத்தைக் கேட்கவேண்டும் என்பதல்லவா அந்தச் சும்மா! அகராதியைப் பார்த்தேன், பவுனம்மாளின் முகத்தைப் பார்க்கவில்லையே!

அம்மா, மூன்றாம் வரிசையில் இருக்கிறீர்கள். உங்கள் மருமகள் உங்களை ஒதுக்கவில்லை. ஒதுக்கியது என் வாய். ஊரறிய மன்னிப்புக் கேட்கிறேன்.

கொஞ்சம் அமைதி... அம்மா எழுந்து ஏதோ சொல்கிறார்.

"மன்னிப்பு இன்னாத்துக்குமா? இப்ப போன் போடு. அங்க இந்நேரம் பகல்தான?"

பகல்தான் அம்மா, பகல்தான்!

சபையோரே, வரலாற்றின் மிச்சத்தை அடுத்து வருபவர் பேசட்டும். இவ்வளவு நேரம் காதுகொடுத்த உங்களுக்கு என் நன்றியும் வணக்கமும். தம்பி, மைக்கை அணைத்துவிடுங்கள். இனிப் பேசப்போவது உங்களுக்காக அல்ல.