விழாமலே போட்ட மாவுக்கட்டு

எண்பதுகளில் ஒரு சீசன் காலை. குற்றாலத்திலிருந்து தென்காசி போகும் பஸ்ஸில், முழங்கால்வரை மாவுக்கட்டுப் போட்ட ஒருவர் ஏறினார். சாரலில் நனையாதிருக்கக் கட்டின்மேல் உரச்சாக்கைச் சுற்றியிருந்தார். வெறுங்கூடையோடு இருந்த இளம் பழக்கடைக்காரர் நகர்ந்து இடம் கொடுத்தார். நான் கம்பியைப் பிடித்துப் பக்கத்தில் நின்றேன்.

"எங்கன விழுந்திய, அண்ணாச்சி?"

"விழல தம்பி. எலும்பு நல்லாத்தான் இருக்கு. இது புண்ணுக்குப் போட்ட கட்டு."

"புண்ண மூடுனா சீழ் பிடிக்கும்லா?"

"நானும் அப்படித்தான் கேட்டேன். எனக்கு அடிப்பாதம் மரத்துப்போச்சு. வலி தெரியாம நடக்கப்போயி, பாரம் பூரா புண்ணுமேலயே எறங்குது. இந்தக் கட்டு பாரத்தக் கால் பூரா பரத்திவிட்டுரும்னு டாக்டர் சொன்னாரு."

"மருந்து போடலியா?"

"போடாத மருந்தில்ல. ஐந்தருவித் தண்ணியிலகூட ஒரு சீசன் பூரா கால நீட்டிட்டுக் கெடந்தேன். பாரத்த மட்டும் யாரும் எறக்கல."

"கேக்குத ஆளுகிட்டல்லாம் இவ்வளவும் சொல்லணுமே?"

"மாட்டேன். வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிருவேன். முன்ன துணியச் சுத்திட்டு ஏறுனா, பெருவியாதின்னு பக்கத்துல இருக்கவன் எந்திச்சுப் போயிருவான். இப்பம் எந்திச்சு எடம் தாரான்."

"எனக்கு மட்டும் ஏன் நெசத்தச் சொன்னிய?"

"இன்னைக்குக் கட்டப் பிரிக்காவ. திரும்பி வரையில பக்கத்துல ஆளு இருக்குமான்னு தெரியணும்லா."

இலஞ்சி விலக்கில் பஸ் நின்று புறப்பட்டது. பழக்கடைக்காரர் கூடையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

"நானும் சரக்கெடுத்துட்டுத் திரும்பணும். எந்த பஸ்ஸுக்கு வருவிய, அண்ணாச்சி?"