ஓடச் சொல்ல ஒரு அடி இல்லை

தகரத்தில் முதல் கல் விழுகிறது. டங். பிறகு இரண்டு சேர்ந்து. டங், டங். லயத்து வீட்டு வரிசையை ஒட்டிய வாய்க்காலில், காணுக்குள், குனிந்து ஓடுகிறேன். தோளில் அப்பாவின் தப்பு மேளம் இடிக்கிறது. "கோயிலுக்குப் போவாதீங்க! மேல தேயிலைக்குள்ள ஏறுங்க!" தொண்டை கிழியக் கத்துகிறேன். யாருக்கும் கேட்கவில்லை. கால் மணி நேரத்துக்கு முன்னால் அவர்களைக் கோயிலுக்குக் கூப்பிட்டது நான்தான்.

போயா நாள், பௌர்ணமி விடுமுறை. காலை பத்தேகால். தோட்டத்தில் வேலை இல்லை. எல்லாரும் வீட்டில்.

நோர்வூட்டுக்கு மேலே எங்கள் தோட்டம். லயத்தை ஒட்டி ஒரு பாறை. அதில் மாடசாமியின் சூலம் இருந்தது. கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் அதைக் கும்பிட்டுவிட்டுத்தான் மலை ஏறுவார்கள். தேர்தலுக்கு ஒரு மாதம் இருந்தபோது பாறையில் பௌத்தக் கொடி ஒன்று முளைத்தது. பழைய விகாரை இருந்த இடமாம். ஒரு வேட்பாளர் மேடை போட்டுச் சொன்னார். அடுத்த வாரம் சூலத்தைக் காணோம். மறுநாளே எங்கள் பக்க வேட்பாளர் காவி வேட்டியில் வந்தார். பாறையில் ஏறிப் படம் எடுத்தார். "ஒரு கல்லையும் விட்டுக்கொடுக்க மாட்டோம்!" என்றார். மாலையோடு இறங்கிப் போனார். பாறைக்குக் கீழே குடியிருப்பது நாங்கள். மாடசாமிக்கு ஓட்டு இல்லை. இருந்திருந்தால் இரண்டு பேரும் அவரை ஜீப்பில் ஏற்றியிருப்பார்கள்.

போலீசுக்குப் போனோம். எழுதிக்கொண்டார்கள். எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

இரண்டு வாரம் போனது. அந்தப் போயா காலையில் பாட்டுப் போட்டுப் பாண், அதாவது ரொட்டி, விற்கும் சுனில் அண்ணனின் ஆட்டோ வந்தது. கீழ்க் கிராமத்துச் சிங்களவர். தினமும் அதே பாட்டு, அதே மெதுவான ஏற்றம். அன்று பாட்டு பாய்ந்து வந்தது. நிறுத்தாமலே தலையை நீட்டிக் கத்தினார். "மல்லி, துவபல்லா! லொறி தெக்கக் எனவா!" தம்பி, ஓடுங்கள், இரண்டு லொறி வருகிறது. பாறையில் கொடி நட்டவர்களின் ஆட்கள்.

பத்து வீட்டுக் கதவைத் தட்ட நேரம் இல்லை. தப்பை எடுத்தேன். எங்கள் தோட்டத்தில் எதற்கும் தப்புத்தான். காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்கு ஒரு அடி. சாவுக்கு ஒரு அடி. திருவிழாவுக்கு ஒரு அடி. மூன்றும் அப்பா சொல்லிக் கொடுத்தது. ஓடச் சொல்ல அடி இல்லை. யாருக்கும் தேவைப்படவில்லையா, மறந்து போனதா, தெரியாது. வேகமாக அடித்தேன். வேகமாக அடித்தால் அது திருவிழா அடி; கேட்டால் எல்லாரும் ரோட்டோரக் கோயிலடியில் கூடுவார்கள்.

"ஓடுங்க! ஓடுங்க!" என்று கத்தினேன். ஓடினார்கள். கோயிலுக்கு.

அடுத்த வீட்டு மாரியாயி அக்கா கற்பூரத்தோடு வெளியே வந்தாள். "சூலம் கெடச்சிருச்சாடா?"

"அக்கா, ஆளுங்க வாறானுங்க! மேல ஓடு!"

"போடா, ஒனக்கு எப்பவும் வெளையாட்டு." சிரித்துக்கொண்டே போனாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. போன மாதம் அவள் கூடைக்குள் தவளை போட்டவன் நான்.

அந்தோணி பாதி பொத்தான் போட்டபடி ஓடி வந்தான். தேயிலை பெக்டரியில் வேலை. வேதக்காரன், கிறிஸ்தவன். ஆனால் எங்கள் திருவிழாவில் அவன் இல்லாமல் கொடி ஏறாது. "டேய், ஒங்காளு திரும்பி வந்துட்டாரா? எங்காளு மூணே நாள்ல வந்தாரு. இவருக்கு ரெண்டு வாரமா?"

பதில் சொல்ல வாய் திறந்தேன். கோயிலடியில் லொறி பிரேக் பிடித்தது. நீளமான கிரீச்.

அவனும் பார்த்தான். கோயிலடியில் பிள்ளைகள் நின்றார்கள். நான் ஒரு கணம் நின்றேன். அவன் நிற்கவில்லை.

காண் வழியே நான் போய்ச் சேர்ந்தபோது அவன் பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கோயிலுக்குப் பின்னால் இருந்த காணுக்குள் இறக்கிக்கொண்டிருந்தான். ஏழு பிள்ளைகள். ஏழாவதை இறக்கிவிட்டு நிமிர்ந்தான். இரும்புக் குழாய். அந்தச் சத்தத்தை எழுத மாட்டேன்.

பத்து ஐம்பதுக்கு லொறிகள் போயின. சுனில் அண்ணன் பாண் தட்டுகளை ரோட்டில் கொட்டிவிட்டு அந்தோணியை ஏற்றினார். அவன் தலை என் மடியில். பதற்றத்தில் பாட்டை அணைக்க மறந்துவிட்டார். வழியெல்லாம் பாட்டு. வழியெல்லாம் பெண்கள் பாண் வாங்க ரோட்டுக்கு வந்தார்கள். நோர்வூட் பாலம் தாண்டும்போது அவன் மூச்சு நின்றது. பாட்டு நிற்கவில்லை.

போலீஸ் இந்த முறை சீக்கிரம் எழுதியது. தோட்டத்தார் மேளம் அடித்து ஆள் திரட்டினார்களாம். அதனால் கலவரமாம். அடித்தவன் நான் என்றேன். ஓடச் சொல்லி அடித்தேன் என்றேன். அந்த அதிகாரி சிரித்தார். தப்பைத் தடயமாக எடுத்துக்கொண்டார். அந்தோணியை வீட்டிலிருந்து எடுத்தபோது சாவு அடி அடிக்கத் தப்பு இல்லை. எல்லா மதத் தலைவர்களும் வந்து கைகோர்த்து நின்றார்கள். அதற்கும் படம் எடுத்தார்கள். ஒரு மாவட்டத்துக்குப் பல எம்.பி.க்கள்; தேர்தலில் இரண்டு வேட்பாளர்களும் ஜெயித்தார்கள்.

கணக்கு இது. அந்தோணி, வயது இருபத்து நான்கு. மாரியாயி அக்காவின் இடது கண். எரிந்த வீடு நான்கு. உடைந்த கோயில் ஒன்று. சூலம் ஒன்று, இன்னும் கிடைக்கவில்லை. தப்பு ஒன்று, போலீசில். பிடிபட்டவர்கள் யாரும் இல்லை.

கூப்பிட்டவன் ஒருத்தன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.