வேப்பமரத்தடி விசாரணை

நெடுந்தீவு லோஞ்சுப் படகில் எனக்கு முன்னால் இருந்த பெரியவர், பக்கத்தில் இருந்த இளந்தாரியிடம் சொன்னார்:

“என்னை விசாரிக்கிறதுக்கு வாசிகசாலையையே வெளியில கொண்டுவந்தவை.”

“என்ன குற்றம் அண்ணை?”

“வாசிகசாலைப் பேப்பரில குறுக்கெழுத்தைக் கிழிச்சனான். உறுப்புரிமையை இடைநிறுத்திப் போட்டினம்.”

“பிறகு?”

“அடியோட நீக்கிறதெண்டால் என்னைக் கூப்பிட்டு விளக்கம் கேக்கோணுமாம். இடைநிறுத்தினவன் உள்ளுக்க கால் வைக்கவும் ஏலாதாம். ரெண்டும் அவையின்ர சட்டம்தான். கடைசியில நிர்வாகம் முழுக்கத் தாங்கள் இருக்கிற கதிரையளைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு வந்திட்டுது.”

“நீக்கிப் போட்டினமோ?”

“எங்க! பாதியில மழை. கதிரையளைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் உள்ளுக்க ஓடினனாங்கள்.”

“நீங்களுமோ?”

“ஓம். தலைவரின்ர கதிரையைத் தூக்கினது நான்தான். அவர் எனக்குக் கதவைத் திறந்து பிடிச்சுக்கொண்டு நிண்டார்.”