வெல்லம் கரையும் வரை

– கையை எடுக்காதீங்க சாமி. வெல்லம் முழுசா கரையணும். பாதில வுட்டா பாதி நோவு அப்படியே நின்னுடும்.

– ரயிலுக்கு நாழியாறது பூவராகவா. மெட்ராஸ்ல மெடிக்கல் கவுன்சில்காரா முன்னாடி போய் நிக்கணும். நீ என்னடான்னா என்னைக் குளத்துப் படியில உக்காத்தி, கைல வெல்லக் கட்டியைக் குடுத்து, தண்ணிக்குள்ளே விடச் சொல்றே.

– மெட்ராஸு எங்க ஓடிடப் போவுது? இன்னிக்கு அமாசை. திருவள்ளூர்ல பொறந்து வளந்துட்டு, அமாசையும் அதுவுமா கொளத்துல கைய வெக்காம கேஸுக்குப் போறதா? கோயிலுக்குள்ள படுத்துக்கினு கீறாரே பெருமாளு, வைத்தியருக்கெல்லாம் வைத்தியரு. டாக்டருக்கு ஒண்ணுன்னா இவராண்டதான் வரணும்.

– எனக்கு நோவுன்னு யார் சொன்னா?

– நோவு இல்ல சாமி, கேஸு. நர்ஸு விக்டோரியாம்மா உங்க மேல எய்திப் போட்டுச்சே, அந்தப் பேஜாரு. அதுவும் சேர்ந்து கரையட்டுமேன்னுதான்.

– மீன் வந்து விரலைக் கடிக்கிறது.

– துன்னட்டும், துன்னட்டும். மீனு துன்னா இன்னும் நல்லது. காலங்காத்தால பனி எப்படிப் படுத்துக்கினு கீது பாருங்க தண்ணி மேல. எதிர்ப்படியே தெரியல. யாரோ நேந்துக்கினு மொளகு உப்பு கொட்றாங்க, கையி மட்டும் தெரியுது.

– கேஸ் கரையறது உன் வாயிலதான் இருக்கு, கேட்டியோ. நீ ஒருத்தன்தான் சாட்சி. உன் காலை நான் ஆபரேஷன் பண்றச்சே விக்டோரியா வெந்நீர் கொண்டுவரப் போயிட்டா. ரூம்ல நீயும் நானும்தான். வேற யாருமில்லே.

– ரெண்டே பேருதானா? சரி, நீங்க சொன்னா அப்படியே வெச்சிக்குவோம்.

– என்ன, ஒரு தினுசா சிரிக்கறே? எங்கே, நேத்து சொல்லிக்குடுத்ததைச் சொல்லு பார்ப்போம். 'டாக்டர் உனக்கு வலி தெரியாம இருக்க ஊசி போட்டாரா?'

– 'போட்டாருங்க.'

– 'அறுத்தப்போ வலிச்சுதா?'

– 'எறும்பு கடிச்சாப்லகூட இல்லீங்க.'

– எறும்பெல்லாம் வேண்டாம். வலிக்கலேன்னா போறும். 'டாக்டர் நிதானமா இருந்தாரா?'

– அங்கதான் சாமி எனுக்கு நாக்கு அரிக்குது. நிதானமா இருந்தாருன்னு சொன்னா ஒரு ருசியே இல்லியே.

– இது தெருக்கூத்து இல்லேய்யா, விசாரணை. அவா புஸ்தகத்துலேர்ந்து என் பேரை எடுத்துட்டா, அப்புறம் தலைவலிக்கு மாத்திரைகூட நான் எழுதித் தரப்படாது. வாசல்ல போர்டைக் கழட்டணும்.

– அதான் எனுக்கும் பகீர்னு கீது. எம் பொண்ணு செல்விக்குத் தலைப்பிரசவம். இடுப்பு ஒடுக்கம், கொழந்த தானா வராது, கீறித்தான் எடுக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க? உங்கள வுட்டா எனுக்கு யாரு கீறா?

– பயப்படாதே. நான் இருக்கேன்.

– பயமா? மெய்யாலும் இல்ல சாமி. அன்னிக்குப் பாத்தவன் பயப்படுவானா?

– அன்னிக்கு என்னத்தைப் பார்த்தே?

– கும்முடிப்பூண்டில புதுசா கம்பெனி கட்றாங்களே, அதுக்கு நம்ம வண்டில கருங்கல்லு ஏத்திக்கினு போனேன். சக்கரம் கால் மேல ஏறிடுச்சி. பொன்னேரில ஆஸ்பத்திரி கீதுன்னாங்க. நான் கேக்கல. 'வைத்தியரு ஊருக்கே தூக்கினு போங்கடா'ன்னு கத்துனேன். எப்படியோ கொண்டாந்து உங்க மேசை மேல போட்டாங்க. அண்ணாந்து பாக்கறேன், நீங்க சிரிக்கறீங்க.

– சிரிச்சேனா?

– அக்காங். சும்மா சிரிப்பா அது! கண்ணு ரெண்டும் பாதி மூடிக்கினு, பாம்பு மேல படுத்துக்கினு கீறாரே உள்ள, அதே பார்வ. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல நாஷ்டா துன்னுட்டு வந்துடலாம், அவ்ளோ மெதுவா பேசறீங்க. காத்துல நாத்து ஆடற மாதிரி ஆட்றீங்க. எனுக்கு அப்பவே தெரிஞ்சிபோச்சி.

– என்ன தெரிஞ்சுது?

– நம்ம டாக்டரு மேல பெருமாளு வந்து எறங்கிட்டாருன்னு.

– கேட்டுண்டுதான் இருக்கேன். சொல்லு.

– அப்பால கத்திய எடுத்தீங்க. வலின்னா... உங்களாண்ட பொய் சொல்ல மாட்டேன். நெருப்புதான். எலும்ப அறுக்கற சத்தம் என் பல்லுல கேட்டுச்சி. ஆனா நான் உங்க கண்ணையேதான் பாத்துக்கினு இருந்தேன். அப்படியே இந்தக் கொளம் பூரா ரூமுக்குள்ள வந்துடுச்சி. சுவரு, அலமாரி, புட்டி எல்லாம் தண்ணிக்கு அடில. நீங்க மேல மெதக்கறீங்க. நானும் மெதக்கறேன். எங்கியோ மோளம் அடிக்கறாங்க. பெருமாளே கத்தி புடிக்கறாரு, நான் வாயத் தொறப்பேனா? துண்டக் கடிச்சிக்கினேன். ரெண்டு வெரலு போச்சி. போனா போவட்டும், மீதி கீதே.

– நீ கத்தவேயில்லே. உனக்கு வலிக்கலேன்னே இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிண்டிருந்தேன்.

– கத்துனா சாமி மலையேறிடுமே! அது தெரியாதவனா நானு?

– வலிக்கலேன்னு... ஊசிதான் வேலை செய்யறதுன்னு...

– ஊசிய சொல்றீங்களா? அதையும்தான் பாத்தேன்.

– எதை?

– அந்தம்மா வெந்நிக்குப் போச்சே, அப்ப நீங்க சின்னப் புட்டிய ஒடச்சி, ஊசில உறிஞ்சி, சன்னலாண்ட திரும்பி நின்னு உங்க தொடையிலயே போட்டுக்கினீங்க. அப்பால வேற புட்டி எடுத்து எனுக்குப் போட்டீங்க. பச்சத் தண்ணி மாதிரி சில்லுன்னு ஏறுச்சி.

– நீ நினைவில்லாம கிடந்தேன்னு நினைச்சேனே.

– முழிச்சிக்கினுதான் கெடந்தேன். இதுல இன்னா சாமி ஆச்சரியம்? கோயில்ல எப்படி? அமுது மொதல்ல பெருமாளுக்கு. அவரு தொட்டப்பால தீர்த்தம் நமக்கு. உங்க மேல வந்தவருக்கு மொதல்ல ஊசி, எனுக்கு அப்பால தீர்த்தம். மொறதானே?

– இதையெல்லாம் கவுன்சில்ல சொல்லப்போறியா?

– பின்ன? நீங்க சொல்லிக்குடுத்தது சப்புன்னு கீது. 'ஐயாமாரே, இவரு பேர எடுத்துடாதீங்க. மொத ஊசிய சாமிக்குப் போட்டாரு. கண்ணு சொருகிக்கினு, ஆடிக்கினே என் கால அறுத்தாரு'ன்னு நான் எடுத்துவுட்டா, அவங்க எழுந்து நின்னு உங்களக் கும்புட மாட்டாங்க?

– கும்பிடமாட்டா.

– ஏன்?

– ஏன் எதுக்குன்னு கேக்காதே. இதை யாருகிட்டயும் சொல்லாதே. ஊசி போட்டார், வலிக்கலே, நிதானமா இருந்தார். அதோட வாயை மூடிக்கோ. புரியறதோ?

– சரி சாமி. கோச்சிக்காதீங்க. உங்க இஷ்டம். ஆனா எனுக்கு ஒரு வரம் குடுக்கணும்.

– நான் என்ன வரம் குடுக்கறது?

– செல்விக்கும் அப்படியே பண்ணணும். அவளுக்கு ஊசி வேணாம். நீங்களே போட்டுக்கங்க. பெருமாளு வந்து எறங்கட்டும், அப்பால வயித்துல கத்தி வைங்க.

– என்ன பேசறே நீ?

– அவகிட்ட எல்லாம் சொல்லி வெச்சிட்டேன். டாக்டரு ஆடுனா பயப்படாதம்மா, துண்ட வாயில வெச்சிக்க, கத்துனா சாமி மலையேறிடும்னு. 'சரி நைனா'ன்னுச்சி. இப்பவே பழகிக்கினு கீது.

– என்ன பழகறா?

– நேத்து கதவு இடுக்குல வெரலு மாட்டிக்கினு நசுங்கிடுச்சி. ரத்தம் கட்டிப்போச்சி. சத்தமே போடல சாமி. என்னப் பாத்து சிரிச்சிது.

– பெருமாளே.

– இன்னா சாமி, முகமெல்லாம் வேர்க்குது? இந்தப் பனியில வேர்க்குதா? காத்தாலயே பாத்தேன், மூக்கு ஒழுகுது, கொட்டாவி வுட்டுக்கினே கீறீங்க. கண்ணுகூட இன்னிக்கு சும்மா எங்க கண்ணு மாதிரிதான் கீது. பெருமாளு வரலியா?

– நேத்துலேர்ந்து வரலே. வரவிடாம வெச்சிருக்கேன். விசாரணைக்காக.

– அய்யய்யோ, ஏன் சாமி?

– தண்ணிக்குள்ளே என் கையைப் பாரு பூவராகவா. என்ன தெரியறது?

– நடுங்குது.

– வெளியிலே எடுத்தா இன்னும் நடுங்கும். எனக்கு ஒருவாட்டி இடுப்புல கல் வந்து துடிச்சுப்போயிட்டேன். வலிக்கு ஒரு ஊசி போட்டுண்டேன். பெத்திடின்னு பேரு. எப்படி இருந்தது தெரியுமோ? இந்தக் குளத்துக்கு அடியில படுத்துண்டு, மேலே போற நாகஸ்வரத்தைக் கேக்கற மாதிரி. யாரும் கூப்பிடமுடியாது. எதுவும் தொடாது. கல்லு போயிடுத்து. ஊசி போகலே. நோயாளிக்குன்னு வந்ததையெல்லாம் நான் எடுத்துண்டேன். என் ஆம்படையா அலர்மேல்மங்கை அழுது பார்த்தா, கெஞ்சிப் பார்த்தா, அவ பொறந்தாத்துக்கே போயிட்டா. நோயாளி மருந்தை நானே போட்டுக்கறேன்னு விக்டோரியா எழுதிப் போட்டது அத்தனையும் நெஜம்.

– இன்னா சாமி சொல்றீங்க? எனுக்கு ஒண்ணும் வெளங்கல.

– என் மேல வந்தது பெருமாள் இல்லே. மருந்து. உனக்கு வரவேண்டிய மருந்து. உனக்குப் போட்டது தீர்த்தம் இல்லே. வெறும் தண்ணி.

– வெளையாடாதீங்க சாமி.

– அன்னிக்கு என் கை கொஞ்சம் நழுவியிருந்தா உன் காலே போயிருக்கும். செல்வி வயித்துல நழுவினா ரெண்டு உசிரு. உன் பொண்ணை நான் தொடமாட்டேன். மெட்ராஸ்ல பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிண்டு போ. ஊசி போடுவா. போடச்சொல்லிக் கேளு. வலிச்சா வாய்விட்டுக் கத்தச் சொல்லு அவளை.

– அப்ப கவுன்சில்ல நான் இன்னா சொல்றது?

– பார்த்தியே, அத்தனையும் சொல்லு. கண்ணு, ஆட்டம், புட்டி, துண்டு, ஒண்ணு விடாம. பெருமாளை மட்டும் விட்டுட்டுச் சொல்லு.

– உங்க பேர எடுத்துடுவாங்களே.

– எடுக்கட்டும். அப்புறம்தான் எனக்கே வைத்தியம் ஆரம்பிக்கணும். ரயில் ஊதறது, எழுந்திரு. என் தோளைப் பிடிச்சுக்கோ, படி வழுக்கும். வெல்லம் முழுக்கக் கரைஞ்சுபோச்சு பாரு... என்ன, ஏன் உக்காந்துட்டே?

– சாமி.

– சொல்லு.

– அப்ப அன்னிக்கு அந்த ரூம்ல என்கூட யாருமே இல்லியா?