இரண்டு விநாடித் தொடக்கம்

காத்திருப்பது எனக்கு ஒத்துவராது. கெட்டில் கொதிப்பதற்குள் தேநீர் குடிக்கும் ஆசையையே விட்டுவிடும் ஆள் நான். இந்த விசாரணையில் நீங்கள் கேட்கப்போகிற எல்லாவற்றுக்கும் அநேகமாக இதுதான் பதில்.

எங்கள் மென்பொருள் திறமூலம்; யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். டாஸ்மேனியக் கரையோரத்துத் தன்னார்வ மீட்பு நிலையங்களில் ஆள் இல்லாத நேரத்தில் அதுதான் ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருக்கும். படகிலிருந்து அபாய அழைப்பு வந்தால், பேக்கரியிலோ பள்ளியிலோ வேலையாக இருக்கும் தொண்டர்களின் தொலைபேசிகளை அலறவைக்கும். அதன் தலைமைப் பராமரிப்பாளர் நான், ஹோபார்ட்டில் என் வீட்டுப் பின்னறையிலிருந்து. சம்பளம் கிடையாது, பட்டம் மட்டும். அதை மின்னஞ்சலின் அடியில் தடித்த எழுத்தில் போட்டுக்கொள்வேன்.

நிரலின் ஒவ்வொரு துண்டின் தலையிலும் ஒரு சீட்டு ஒட்டியிருப்போம்: இன்ன அழைப்பு வந்தால் என்னை எழுப்பு என்று. மென்பொருள் தொடங்கும்போது லைப்ரரி என்கிற ஆயத்த நிரல் தொகுப்பு ஒன்று அந்தச் சீட்டுகளைத் தேடிப் படிக்கும். அது படிக்காத துண்டு இல்லாத துண்டுக்குச் சமம். எங்களிடம் இருந்த பழைய லைப்ரரி மூலைமுடுக்கெல்லாம் தேடும். தொடங்க முக்கால் நிமிடம் ஆகும். ஐல்சா அதற்கு 'வாம்பட்' என்று, வளை தோண்டி வாழும் எங்கள் ஊர்க் குண்டு விலங்கின் பெயரை வைத்திருந்தாள். நான் கொண்டுவந்த புதியது இரண்டே விநாடியில் தொடங்கிவிடும். அதைப் பற்றி மெல்போர்ன் மாநாட்டில் பேச என்னை அழைத்திருந்தார்கள்.

ஐல்சா மேற்குக் கரையில் இருப்பவள். பழைய ரேடியோப் பெட்டிகளிலிருந்து வரும் அழைப்பைப் புரிந்துகொள்ளும் துண்டை எழுதியவள் அவள்தான். அங்கே பாதிப் படகுகளில் பழைய பெட்டிதான்.

"மேயரே," என்றாள் வீடியோ அழைப்பில்; என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். "உங்க புது ஆளு கண்ண மூடிட்டு ஓடுறாரு. என் துண்டு வெளி ஃபோல்டர்ல கெடக்கு, எட்டிக்கூடப் பாக்கல. பாக்கலன்னு ஒரு வார்த்த சொல்லவும் மாட்டேங்குறாரு. வாம்பட் மெதுவா வந்தாலும் எல்லா வளையிலயும் மூக்க நுழைக்கும்."

"உன் ஃபோல்டர் பேரை ஒரு வரி சேத்தா பாத்துரும்."

"அப்ப சேருங்க."

"சேத்தா ஒன்பது விநாடி ஆயிருது, ஐல்சா."

"ஆகட்டுமே. மேடையில கைதட்டு கொறஞ்சிருமோ?"

குறைந்துவிடும் என்று நான் சொல்லவில்லை.

"நாளைக்குத் தம்பி கோல்பியோட சிங்கி இறால் புடிக்கப் போறேன். அங்க போன் எடுக்காது. நான் வர்ற வரைக்கும் எதையும் நோண்டாதீங்க, மேயரே."

"சரி," என்றேன்.

எங்கள் திட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மாற்றத்தை முன்வைத்தால் மூன்று நாள் கெடு. அதற்குள் யாரும் எங்கள் இணைய மன்றத்தில் ஆட்சேபணை எழுதாவிட்டால் எல்லோரும் ஒப்பியதாகப் பொருள். மறுநாள் காலை படகு துறையை விட்டுக் கிளம்பும் படத்தைக் கோல்பி இணையத்தில் போட்டிருந்தான். அதற்கு ஒரு விருப்பக்குறி போட்டுவிட்டு, கெடுவைத் தொடங்கினேன். ஐல்சா அதற்கு முன்பே ஓர் ஆட்சேபணை எழுதியிருந்தாள். கெடுவுக்கு முன் எழுதியது செல்லாது என்று விதி. பணிவான குறிப்புடன் அதை மூடினேன். விதியை எழுதியவன் நான்தான்.

என் உரைக்கு உண்மையான நிலையம் ஒன்றின் தொடக்க நேர அளவு தேவைப்பட்டது. அதனால் கெடு முடியுமுன்னே புதியதை மேற்குக் கரை நிலையத்தில் ஏற்றினேன். அந்த ஒரு வரியைச் சேர்க்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் உங்களுக்கும் எனக்கும் எளிதாக இருக்கும். நான் மறக்கவில்லை. சேர்த்துப் பார்த்தேன், ஒன்பது விநாடி வந்தது, அழித்தேன். அழித்ததும் நிலையம் இரண்டு விநாடியில் எழுந்தது. அழகாக இருந்தது.

கோல்பியின் படகு கவிழ்ந்தது அடுத்த நாள் பிற்பகலில். பேக்கரியில் இருந்த தொண்டருக்குத் தொலைபேசி அலறவில்லை. அழைத்தது ஐல்சா; கவிழுமுன் படகின் பழைய பெட்டியில் அதன் பெயரையும் இடத்தையும் மூன்று முறை தெளிவாகச் சொல்லியிருக்கிறாள். நிலையத்து ரேடியோ மூன்றையும் வாங்கி மென்பொருளிடம் கொடுத்தது. அதைப் புரிந்துகொள்ளத் தெரிந்த ஒரே துண்டு, அவள் எழுதியது, எழுப்புவாரின்றி வெளி ஃபோல்டரில் கிடந்தது. இருவரையும் கொன்றது நான்தான். அலை என்று எழுதாதீர்கள்.

அந்தப் பதிவை நீங்கள் எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். முதல் இரண்டு முறையும் நிலையத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். மூன்றாவது முறை, பதில் வராத காரணம் புரிந்து, "மேயரே, வரியைச் சேருங்க" என்கிறாள். அன்றிலிருந்து கெட்டில் கொதித்து அடங்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறேன், தேநீர் போடுவதில்லை.

ஒன்றை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். கெடு முடிந்ததும் 'ஆட்சேபணை எதுவும் இல்லை' என்று நான் எழுதியது பொய் என்கிறீர்கள். அவள் கூப்பிட்டது கெடுவுக்குள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆட்சேபணையை மன்றத்தில்தான் எழுத வேண்டும். ரேடியோவில் சொன்னால் கணக்கில் வராது.