சத்தமில்லாத படி

முழங்கால் வலியோடு ஜீப்பில் ஏறத் திணறிய என் மனைவியை, ஊரார் முன்னிலையில் "சீக்கிரம் ஏறு" என்று கடிந்தேன். அதன்பின் அவள் என்னுடன் எங்கும் வந்ததில்லை.

மன்னார்குடியில் பேருந்துக்கு நின்றபோது, பக்கத்துப் பட்டறையில் ஒரு பிக்கப் வண்டிக்காரர் மெக்கானிக்கிடம் சொன்னார்:

"நீங்க வண்டியில மாட்டுன படி இறங்குற சத்தம் தெருவுக்கே கேக்குதுங்க. எங்க அம்மா ஏறமாட்டேங்குறாங்க."

"கதவத் தொறந்தா தானா இறங்குற மோட்டார் படி. கொஞ்சம் சத்தம் வரத்தான் செய்யும்."

"எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்களாம். வெக்கமா இருக்காம்."

"ரப்பர் வெச்சு, கிரீஸ் போட்டுத் தரேன். பூனை மாதிரி இறங்கும்."

"இறங்கட்டும். அவங்களத் திருவாரூர் தேருக்குக் கூட்டிட்டுப் போகணும்."

வீடு திரும்பியதும் மனைவியிடம், "அன்னிக்குப் பேசுனது தப்பு. ஏறுறதுக்குத் தாழ்வா ஒரு கார் வாடகைக்குப் பேசுறேன், தேருக்குப் போவோம்" என்றேன்.

"நீங்க போயிட்டு வாங்க" என்றாள். "எனக்குத் தனியா இருந்து பழகிடுச்சு."