நண்பகலுக்குள் ஓர் எதிரி

அவைத் தலைவர், எங்கள் சங்கத்தின் அச்சாணி, லயோனல் பிரிட் அவர்களே. அவருக்கு இருபுறமும் அமர்ந்து மேடைக்கு அழகு சேர்க்கும் ஆட்சிக்குழுப் பெரியோர்களே. அரசு அலுவலகங்களிலிருந்து வந்து, விதி தடுப்பதால் நம் காலை விருந்தின் முட்டையைத் தொடாமல், சொந்தக் காசில் வாங்கிய காபியை மட்டும் பருகிக்கொண்டிருக்கும் அதிகாரிகளே. படைத்தளத்து வேலிக்குள் பகலைக் கழித்துவிட்டு, இன்று என்ன செய்தீர்கள் என்று பெற்ற பிள்ளை கேட்டால் ‘கம்ப்யூட்டர்’ என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்ளும் தந்தையரே. பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டு ஈரத் தலையோடு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே. பத்துப் பேர், ஐந்து பேர், சில சமயம் ஒரே ஆளும் ஒரு பெயர்ப்பலகையும் என்று நிறுவனம் நடத்தும் மேரிலாந்தின் சின்ன முதலாளிகளே. உங்கள் அனைவருக்கும் ஹாலிஸ் மெரிக்கின் காலை வணக்கம்.

பரிசு என் கையில் இருக்கிறது. கண்ணாடி. உள்ளே, குலுக்கிக்கொள்ளும் இரண்டு கைகள். கீழே, ‘ஆண்டின் சிறந்த கூட்டணி’. வில்மா டெஷீல்ட்ஸ் நிறுவனத்துக்கும் கஸ் மாவ்ரோஸ் நிறுவனத்துக்கும் சேர்த்து.

வில்மா என் முன்னாள் முதலாளி. அதோ, கதவை ஒட்டிய கடைசி மேசையில் இருக்கிறார். மேடைக்கு வர மாட்டேன் என்றார். “நீ போய் வாங்கு. நான் பின்னாடி உக்காந்துக்குறேன். பேசுறப்போ உண்மையைப் பேசு. அழுவாதே.” கடற்படையில் இருந்தவர். அவர் சொன்னால் உத்தரவு. கஸ் இதோ முன்மேசையில். அவரும் மேடைக்கு வர மறுத்தார். காரணம் கேட்டேன். “அவ வராத மேடைக்கு நான் எதுக்கு கண்ணு?” என்றார். பால்டிமோர்க்காரர். யாரைப் பார்த்தாலும் கண்ணுதான்.

நன்றி சொல்லத்தான் அழைத்தீர்கள். சொல்வேன். அதற்கு முன், இந்தப் பரிசு எப்படி வந்தது என்று சொல்ல விடுங்கள்.

ஓர் அரசு அலுவலகம். எது என்று சொல்ல மாட்டேன். நீங்களும் கேட்க மாட்டீர்கள். அது நம் பழக்கம். ஆற்று மதகுகளைத் திறப்பதும் மூடுவதும் அதன் கணினிகள். அந்தக் கணினிகளுக்குள் கள்ளன் நுழையாமல் காப்பது வில்மாவின் வேலை. அவருடைய ஆட்கள் எட்டுப் பேர். அவர்களில் நான் ஒருவன். திரை பார்ப்போம். திரை பார்ப்போம். மறுபடியும் திரை பார்ப்போம். ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காமல் இருப்பதே எங்கள் விளைச்சல். அதை எந்தக் கண்காட்சியில் வைப்பது?

ஒவ்வொரு முறை ஒப்பந்தம் முடியும்போதும் அரசு கேட்கும். இதைச் செய்யச் சின்ன நிறுவனங்கள் உண்டா? இரண்டு பேராவது தனித்தனியே ‘உண்டு, நான் இருக்கிறேன்’ என்று பதில் போட்டால், வேலை சின்னவர்களுக்கென்று ஒதுக்கப்படும். ஒன்றே ஒன்று வந்தால் கதவு எல்லோருக்கும் திறக்கும். திறந்த கதவில் முதலில் நுழைவது யார்? நீங்களா? நானா? ... சிரிக்கிறீர்கள். சரி. உங்கள் எல்லோருக்கும் தெரிந்த விதிதான். தெரிந்த விதியில்தான் விழுந்தோம்.

அந்த இரண்டாவது பதில் முன்பெல்லாம் எங்கிருந்து வந்தது? அன்பிலிருந்தா? இல்லை. பகையிலிருந்து. கஸ் மாவ்ரோஸிடமிருந்து.

கஸ்ஸுக்கு வில்மாவின் வேலை மீது ஆசை. தணியாத ஆசை. தவறாத ஆசை. ஒவ்வொரு முறையும் எதிர்த்துப் பதில் போடுவார். எதிர்த்து விலைப்புள்ளி கொடுப்பார். ஒவ்வொரு முறையும் தோற்பார். இதே மண்டபத்தில், இதே முட்டைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் பேசியதைக் கேட்டவர்கள் இங்கே பாதிப் பேர்.

“வில்மா, உன் பசங்க திரையைப் பாக்குறானுங்களா, திரை அவனுங்களைப் பாக்குதா?”

“உன் பசங்க என் கிட்ட வேலை கேட்டு வர்றப்போ அதைத்தான் கேக்குறேன் கஸ்.”

“அடுத்த தடவை அந்த நாற்காலி என்னுது.”

“துடைச்சு வைக்கிறேன். வந்து பாத்துட்டுப் போ.”

அந்தப் பகை எங்கள் கூரை. அது எங்களுக்குத் தெரியவில்லை. கூரை இருக்கும்போது யார் அண்ணாந்து பார்க்கிறார்கள்?

பிறகு கஸ்ஸின் மனைவி இறந்தார். ஐரீன். பலருக்குத் தெரியும். கஸ் அலுவலகம் வருவதை நிறுத்தினார். காலை உணவுக் கூட்டத்தில் அவருடைய நாற்காலி காலி. வில்மா ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். “ஹாலிஸ், உன் வண்டி பெருசு. ஒரு பானையைத் தூக்கணும்.” நண்டு சூப். பானையை நான் பிடித்துக்கொண்டேன். கஸ் கதவைத் திறந்தார். சவரம் செய்யாத முகம்.

“என்ன இது?”

“விஷம் இல்ல. குடி.”

“உனக்கு எதிரா விலை போட்டவன் நான்.”

“தெரியும். குடிச்சுட்டு மறுபடியும் போடு.”

குடித்தார். ஆனால் மறுபடியும் போடவில்லை. அங்கேதான் எங்கள் அழிவு தொடங்கியது. ஆம். ஒரு பானை சூப்பில்.

இல்லை, யாரும் சிரிக்க வேண்டாம். நான் நகைச்சுவைக்குச் சொல்லவில்லை.

அரசின் கேள்வி மறுபடி வந்தது. அந்த வாரம் இந்த மேடையில் நம் தலைவர் பேசினார். அருமையான பேச்சு. சேர்ந்தால் சிகரம், பிரிந்தால் சருகு என்றார். கைதட்டினோம். நானும் தட்டினேன். எந்தச் சங்கத்தில் வேறு எதையாவது சொல்வார்கள்? கஸ் எழுந்து வில்மாவின் மேசைக்குப் போனார். “இந்தத் தடவை உனக்கு எதிரா இல்ல கண்ணு. உன்னோட.” வில்மா கை நீட்டினார். மண்டபமே எழுந்து நின்றது. அந்தக் கைகள்தான் இந்தக் கண்ணாடிக்குள் இருப்பவை.

சேர்ந்து ஒரு பதில் போட்டார்கள். அழகான பதில். இரண்டு பெயர், இரண்டு முத்திரை, இரண்டு கையெழுத்து.

மற்ற நீங்கள்? இந்த மண்டபத்தில் அந்த வேலையைச் செய்யத் தெரிந்தவர்கள் எத்தனை பேர். ஒருவர் கூடப் பதில் போடவில்லை. ஏன்? நாகரிகம். வில்மாவின் தட்டில் நாம் கைவைக்கக் கூடாது என்ற நாகரிகம். சக உறுப்பினரின் வேலைக்கு வாய் திறக்க மாட்டோம் என்ற நம் எழுதாத ஒழுக்கம். நல்லவர்கள் நீங்கள். நல்லவர்களாக இருந்தே எங்களைக் கொன்றீர்கள்.

அரசு அலுவலகத்தில் பதில்களை எண்ணும் அதிகாரி அம்மையாரும் நல்லவர். வில்மாவை அழைத்துப் பேசினார். நான் பக்கத்தில் இருந்தேன்.

“ரெண்டு பதில் வந்திருந்தா ஒதுக்கியிருப்பேன் மேடம். ஒன்னுதான் வந்துச்சு.”

“அதுல ரெண்டு கம்பெனி இருக்கே.”

“கம்பெனி ரெண்டு. பதில் ஒன்னு. நான் பதிலைத்தான் எண்ணணும்.”

“நாங்க சேந்தது தப்பா?”

அம்மையார், “எனக்குச் சங்கடமா இருக்கு” என்றார்.

கதவு திறந்தது. பெரிய நிறுவனக்காரர் வந்தார். பெயர் வேண்டாம். இப்போது அவரிடம்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். ஆம், நானும். எட்டுப் பேரும். நம் தொழிலில் அப்படித்தானே? ஒப்பந்தம் கைமாறும். ஆட்கள் அங்கேயே இருப்பார்கள். ஒரு திங்கட்கிழமை காலை யாரோ ஒருவர் டோனட் பெட்டியோடு வந்தார். பழைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்தார். நாற்காலி மாறவில்லை. திரை மாறவில்லை. அட்டை தொங்கும் கழுத்துப் பட்டையின் நிறம் மாறியது. நான் அவமானத்துக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. டோனட் நன்றாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

வில்மாவிடம் அட்டை இல்லை. உள்ளே வர முடியாது. அவருடைய கடற்படைக் கோப்பை ஜன்னலோரம் இருந்தது. எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனேன். அவர் வெளியே நின்றார். மழைக்கோட்டு. கோப்பையை வாங்கி உள்ளே பார்த்தார், ஏதோ மிச்சம் இருப்பது போல.

“ராத்திரி யாரு பாக்குறா?”

“இங்க யாரும் இல்ல வில்மா. வேற ஊர்ல இருந்து மொத்தமாப் பாத்துக்குறாங்களாம்.”

“மொத்தமாவா?”

“நிறைய அலுவலகத்தை ஒரே அறையில.”

“அங்க ஆறு ஓடுதா?”

எனக்குத் தெரியவில்லை. இன்னும் தெரியவில்லை.

என்ன? ... தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். முடிக்கிறேன் ஐயா. எனக்கும் கடிகாரம்தான் கவலை.

ஏனென்றால் இன்று நண்பகலோடு இன்னொரு கேள்வி முடிகிறது. வேறோர் அலுவலகம். சிறியது. விரிகுடாவின் மிதவை விளக்குகளைப் பார்த்துக்கொள்வது. வில்மா பதில் போட்டுவிட்டார். ஒன்று. ஒரே ஒன்று. இரண்டாவது வராவிட்டால் அவர் பெயர்ப்பலகையை இறக்கிவிடுவார். மிரட்டல் இல்லை. ஏணியை இரவல் வாங்கி வைத்துவிட்டார்.

நேற்று கஸ்ஸைக் கேட்டார். “எனக்கு எதிரா போடு.” கஸ் சொன்னார், “உன் கையால சூப்பு குடிச்சவன் நான். உனக்கு எதிரா எப்படிப் போடுவேன் கண்ணு? வா, சேர்ந்து போடுவோம்.” கஸ், நான் உங்களைக் குறை சொல்லவில்லை. உங்களைப் போல ஒரு நண்பர் எனக்கு இல்லை. ஆனால் நட்பு எங்களுக்குப் போதும். நட்பு நிறைய இருக்கிறது. கண்ணாடியில் கூட இருக்கிறது. எங்களுக்கு ஓர் எதிரி வேண்டும். நண்பகலுக்குள். விளக்குகளைக் காக்கத் தெரிந்த ஓர் எதிரி. வில்மாவின் முகத்துக்கு நேரே ‘அந்த வேலை என்னுது’ என்று சொல்ல ஒரு வாய். இந்த மண்டபத்தில் ஒருவர் இல்லையா? ஒரே ஒருவர்?

ஒரு கை தெரிகிறது. அங்கே, தூணுக்குப் பக்கத்தில். சொல்லுங்கள். ... காபியா. வருகிறது. அவருக்குக் காபி கொடுங்கள்.

கஸ்?

(கஸ் மாவ்ரோஸ், இருக்கையிலிருந்தே: “என்னால முடியாது கண்ணு. வேற யாரையாவது கேளு. அவ எனக்குச் செஞ்சதுக்கு...”)

(கடைசி மேசையிலிருந்து வில்மா டெஷீல்ட்ஸ்: “நான் ஒன்னும் செய்யலை கஸ்.”)

(கஸ்: “அந்தச் சூப்பு...”)

(வில்மா: “கடையில வாங்கினது.”)

(கஸ் நாற்காலியோடு கடைசி மேசைப் பக்கம் திரும்புகிறார்.)

(வில்மா: “ரெண்டு வாளி. நெடுஞ்சாலைக் கடை. பானையில ஊத்தி எடுத்துட்டு வந்தேன். நீ மறுபடியும் விலை போட்டாத்தான் எனக்கு வேலை நிக்கும். அதுக்காகத்தான். ஐரீனுக்காக இல்ல. உனக்காகவும் இல்ல.”)

(கஸ்: “நீ உக்காந்து அழுதியே.”)

(வில்மா: “அதுவும் வேலைக்காகத்தான்.”)

கஸ் எழுந்துவிட்டார். தொப்பியை எடுக்கிறார். வழிவிடுங்கள், நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்துங்கள்.

(கஸ், வாசலில்: “நேரம் இன்னும் இருக்கு. அந்த விளக்கு என்னுது வில்மா. இந்தத் தடவை தோக்க மாட்டேன்.”)

(வில்மா: “துடைச்சு வைக்கிறேன்.”)

போய்விட்டார். வாகனத்தின் சத்தம் கேட்கிறது. இரண்டு பதில் ஆகிவிடும். விதி நிறைவேறும். கைதட்டாதீர்கள். தயவுசெய்து.

வில்மா, உண்மையைப் பேசு என்று சொன்னவர் நீங்கள். ஆகவே பேசுகிறேன். அன்று பானையைத் தூக்க உங்கள் வீட்டுச் சமையலறைக்கு நான் வந்தேன். மேசை முழுக்க நண்டு ஓடு. உங்கள் விரல்களில் அத்தனை கீறல். திரும்பும் வழியில் என் வண்டியில் நீங்கள் அழுததைக் கஸ் பார்க்கவில்லை. பார்க்க யாரும் இல்லாத இடத்தில் ஒருவர் எதற்காக அழுவார்?

அவர் என்னைப் பார்த்துத் தலையசைக்கிறார். சொல்லாதே என்று. சொல்லிவிட்டேன்.

அன்பர்களே, பெரியோர்களே, தாய்மார்களே. ரகசியம் காப்பது நம் தொழில். மனைவிக்குச் சொல்லாதவர்கள் நாம், மக்களுக்குச் சொல்லாதவர்கள், மருத்துவருக்குக் கூடச் சொல்லாதவர்கள். வேலிக்குள் கண்டதை வேலிக்குள் விட்டு வருபவர்கள். இதையும் அந்த வேலிக்குள் வையுங்கள். நண்பகல் வரை கஸ்ஸிடம் சொல்லாதீர்கள். நண்பகலுக்குப் பிறகும் சொல்லாதீர்கள். கேள்வி முடிந்தால் விலை வரும். விலை முடிந்தால் அடுத்த கேள்வி வரும். வில்மாவுக்கு இந்தத் தொழில் வேண்டும் என்றால், இனி எப்போதும் அவருக்கு அந்த நண்பர் இருக்கக் கூடாது.

பரிசை இங்கே, மேசை மேல் வைக்கிறேன். எங்கள் பக்கம் இதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

பேச இடம் தந்த தலைவருக்கும், பொறுத்துக் கேட்ட உங்களுக்கும், வாய் திறக்கப்போகாத உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நன்றி. காபி ஆறுகிறது. வணக்கம்.